மேசைக்கு இந்தப் பக்கம் மட்டும்

ஆட்டிசம் உள்ளவர்களுக்கும் மனநோயிலிருந்து மீண்டு வருபவர்களுக்கும் கணினி வழியே வேலைத்திறன் பயிற்சி தருவது இப்போது நல்ல பெயர் வாங்கித் தரும் காரியமாகிவிட்டது. கண்ணில் ஹெட்செட் மாட்டிய இளைஞன், திரையில் புன்னகைக்கும் மேலாளர், பக்கத்தில் சான்றிதழோடு ஒரு பிரமுகர். சமூகப் பொறுப்பு நிதி தரும் கம்பெனிகளிடம் இந்தப் படத்துக்குத் தனி மவுசு உண்டு. பயிற்சியே வீண் என்று வாதாட நான் வரவில்லை. நாலு பேர் முன் வாயடைத்துப் போகிறவர், எத்தனை முறை தடுமாறினாலும் முகம் சுளிக்காத திரையோடு பேசிப் பழகுவது நல்லதுதான். அமெரிக்காவில் மேத்யூ ஸ்மித் குழுவினர் ஆட்டிசம் உள்ள 26 பேரிடம் சோதித்து 2014இல் வெளியிட்ட ஆய்வில், மோலி என்ற கற்பனை மேலாளரோடு கணினியில் பேசிப் பழகியவர்கள் மாதிரி நேர்முகத் தேர்வில் மற்றவர்களை முந்தினார்கள். வேலை கிடைப்பதிலும் முந்தினார்கள் என்று அடுத்தடுத்த ஆய்வுகள் சொல்கின்றன. எல்லாம் சரி. ஆனால் இந்தப் பயிற்சிகள் எதைக் கேள்வியே கேட்காமல் ஏற்றுக்கொள்கின்றன என்பதில்தான் என் ஆட்சேபம்.

அவை நேர்முகத் தேர்வை அப்படியே ஏற்றுக்கொள்கின்றன. கண்ணைப் பார்த்துப் பேசு, சிரித்த முகத்தோடு இரு, 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்றால் திணறாதே என்று மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவரை மட்டும் செதுக்குகின்றன. பெட்டியில் பாகங்களை எண்ணி அடுக்கும் வேலைக்கு இந்த லட்சணங்கள் எதற்கு என்று அந்தப் பக்கம் இருப்பவரை யாரும் கேட்பதில்லை. டென்மார்க்கில் தோர்கில் சோனெ, தன் மகனுக்கு ஆட்டிசம் என்று தெரிந்த பிறகு, 2004இல் தொடங்கிய ஸ்பெஷலிஸ்டெர்னெ நிறுவனம் இதைத்தான் கேட்டது. வேலை தேடி வருபவரிடம் கேள்விகளை அடுக்காமல் லெகோ ரோபோ பாகங்களைக் கொடுத்துக் கட்டச் சொன்னது. அவர் வேலை செய்யும் விதத்தைப் பார்த்தது. அங்கேயும் தொழில்நுட்பம் இருந்தது, ஆனால் மாறியது தேர்வு முறை. பெங்களூரில் சிலரைச் சோதனைப் பணியில் அமர்த்திப் பார்த்த மென்பொருள் நிறுவனமான எஸ்ஏபி, 2013இல் இதே வழியை எடுத்தது. தன் ஊழியர்களில் நூற்றுக்கு ஒருவர், அதாவது 650 பேர் அளவில், 2020க்குள் ஆட்டிசம் உள்ளவராக இருப்பார் என்று அறிவித்தது. ஆனால் எண்ணிக்கை இருநூறைச் சுற்றியே நின்றது. பணபலமும் மனமும் இருந்த கம்பெனிக்கே அந்தப் பக்கத்தை மாற்றுவது இவ்வளவு கடினம் என்றால், அதைத் தொடாமலே விட்டுவிடும் திட்டங்களிடம் எதை எதிர்பார்ப்பது?

மனநோய் விஷயத்தில் சான்று இன்னும் தெளிவாக இருக்கிறது. முதலில் பயிற்சி, தயாரான பிறகு வேலை என்பது பழைய வழி. முதலில் வேலை, பிறகு அந்த இடத்திலேயே துணை என்பது இன்னொன்று. லண்டன், சூரிக், சோஃபியா உள்ளிட்ட ஆறு ஐரோப்பிய நகரங்களில் 312 பேரிடம் இரண்டையும் ஒப்பிட்டார்கள். முடிவு 2007இல் வந்தது. துணையோடு நேரே வேலைக்குப் போனவர்களில் 55 விழுக்காட்டினர் ஒரு நாளாவது சம்பளத்துக்கு வேலை பார்த்திருந்தார்கள். பயிற்சிக்குப் போனவர்களில் அது 28 விழுக்காடு. ஹெட்செட் வந்ததால் இந்த வரிசை மாறிவிடவில்லை. தோற்றுப்போன வரிசைக்குப் புது வர்ணம் பூசியிருக்கிறது, அவ்வளவுதான்.

காஞ்சிபுரம் மாவட்டத்துப் புள்ளலூரிலிருந்து ஒருவர் இந்தப் பயிற்சியை முடித்து ஒரகடம் சிப்காட்டில் கான்டிராக்ட் வேலைக்குச் சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இன்டர்வியூ கேள்விகளுக்கெல்லாம் நன்றாகவே பதில் சொல்லிவிட்டார். ராத்திரி மாத்திரை போட்டவருக்கு விடியற்காலைக் கம்பெனி பஸ்ஸுக்கு எழுந்திருப்பதே பெரும்பாடு. ஷிப்ட் மாறி மாறி வந்தால் தூக்கம் கெடும். தூக்கம் கெட்டால் நோய் திரும்பும் என்று அவருக்கும் தெரியும், அவர் அம்மாவுக்கும் தெரியும், சூப்பர்வைசருக்கு மட்டும் தெரியாது. மாதம் ஒரு நாள் அரசு மருத்துவமனையில் மாத்திரை வாங்க வரிசையில் நின்றால் அன்றைய கூலி போகும். மோலி இதில் எதையும் தீர்க்க மாட்டாள். சூப்பர்வைசரிடம் போய், 'இவருக்குப் பகல் ஷிப்டே கொடுங்கள், மாதம் ஒரு நாள் விடுங்கள்' என்று பேச ஒரு ஆள் வேண்டும். மூன்றாவது மாதம் அவர் வேலைக்கு வராமல் நின்றுபோனால் வீடு தேடிப் போகவும் அதே ஆள் வேண்டும்.

அப்படிப்பட்ட ஆளுக்குச் சம்பளம் கொடுத்து மாளாது, மென்பொருளை ஒருமுறை வாங்கினால் போதும் என்பார்கள். செலவு உண்மைதான். மனச்சிதைவு உள்ளவர்களுக்கு உள்ளூர்ப் பணியாளர்கள் வீட்டுக்கே போய்த் துணை செய்யும் முறையை இந்தியாவில் மூன்று இடங்களில் சோதித்தார்கள். முடிவு 2014இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. மூன்றில் ஒன்று, சென்னையின் ஸ்கார்ஃப் நிறுவனம் அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் நடத்தியது. வழக்கமான சிகிச்சையைவிடச் செலவு கூடியது. பலன் மிதமானதுதான், ஆனாலும் மருத்துவ வசதி குறைந்த இந்தக் கிராமப்புறத்தில்தான் அது நன்றாகத் தெரிந்தது. அது வேலைவாய்ப்புத் திட்டம் அல்ல என்பதை மறக்கவில்லை. ஆனால் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில், பத்தாம் வகுப்பு படித்த உள்ளூர்க்காரரைப் பழக்கி இந்தத் துணையைத் தர முடியும் என்பதற்கு அது போதும். கணினி கற்கவேண்டும் என்று இளைஞர்களே கேட்கிறார்களே என்றால், கற்றுக் கொடுங்கள், வேலையில் சேர்ந்த பிறகும் கற்கலாம். நிதி தருபவருக்கு ஹெட்செட் பிடிப்பதற்குக் காரணம், அது அவரிடம் எதுவும் கேட்பதில்லை. வேலைத் துணையாளர் வந்தால், 'உங்கள் தொழிற்சாலையிலேயே எத்தனை பேருக்கு இடம் தருவீர்கள்?' என்று கேட்பார். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசுப் பணியில் ஆட்டிசம், அறிவுத்திறன் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு எல்லாவற்றுக்கும் சேர்த்தே ஒரு விழுக்காடு ஒதுக்கியிருக்கிறது. தனியார் ஆலைக்கு அந்தக் கட்டாயமும் இல்லை. ஆகவே இனி வரும் திட்டப் படிவங்களில் 'பயிற்சி முடித்தோர்' என்ற கட்டத்தை எடுத்துவிட்டு, 'ஆறாவது மாதச் சம்பளம் வாங்கியோர்' என்று ஒரு கட்டம் போடட்டும். அதை நிரப்ப யாராவது ஒரகடத்துக்குப் போய்த்தான் ஆகவேண்டும்.