மந்திரம் போய் மாறுவேடம் வந்த கதை

சரித்திர நாவலுக்குள் மாயம் புகுந்ததே ‘பாகுபலி’க்குப் பிறகுதான், அதிலும் உருமாற்றம் என்பது மேல்நாட்டு ஃபேன்டஸியிலிருந்து இறக்குமதியான சரக்கு என்று இப்போது மேடைக்கு மேடை பேசுகிறார்கள். கோவையில் உட்கார்ந்துகொண்டு இதைக் கேட்க நேர்வதுதான் வேடிக்கை. இங்கிருந்து கிழக்கே போனால் விஜயமங்கலம், இன்னும் போனால் கரூர். தமிழில் வேடத்துக்கு ஒரு காப்பியமும் வேற்றுருவுக்கு ஒரு காப்பியமும் உண்டென்றால், இரண்டுக்கும் கொங்கு மண்ணில் பட்டா இருக்கிறது.

விஜயமங்கலத்தாரான கொங்குவேளிரின் ‘பெருங்கதை’ வேடத்தின் காப்பியம். உதயணன் மகதத்தில் மாணகன் என்ற அந்தணனாக நடமாடுவான். அமைச்சன் யூகி பித்தனாகத் திரிந்து உஞ்சை நகரையே கலக்குவான். உடையும் பேச்சும் மாறும், ஆள் மாறுவதில்லை. 1924இல் உ.வே.சா. பதிப்பித்தபோதே முதலும் முடிவும் இல்லாமல்தான் நூல் கிடைத்தது. அந்தக் குறையைச் சொல்லியே நம் ஆய்வாளர்கள் அதைப் பரணில் போட்டுவிட்டார்கள்.

வேற்றுருவின் காப்பியம் ‘மணிமேகலை’. ‘சிந்தாமணி’யிலும் உருமாறும் மந்திரம் உண்டு. சுதஞ்சணன் கற்றுக்கொடுத்த அதைச் சீவகன், ஆண்களைப் பார்க்கமாட்டேன் என்றிருந்த சுரமஞ்சரியின் மாளிகைக்குள் கிழவனாக நுழையப் பயன்படுத்துகிறான். அது வெறும் விளையாட்டு. சாத்தனார் கையில் அதே மந்திரம் கொலையில் போய் முடிகிறது. தன்னைத் துரத்தும் இளவரசன் உதயகுமரனிடமிருந்து தப்ப மணிமேகலை காயசண்டிகையின் உருவை எடுத்துக்கொள்கிறாள். காயசண்டிகையோ யானைத்தீ என்னும் தீராப்பசி நீங்கி ஊருக்குக் கிளம்பிப் போனவள். பன்னிரண்டாண்டுச் சாபம் முடிந்ததென்று அவளைத் தேடி வருகிற கணவன் காஞ்சனன் என்ன காண்கிறான்? தன் மனைவி தன்னைப் பொருட்படுத்தாமல் ஓர் அரச குமாரனுக்கு அறிவுரை சொல்லிக்கொண்டிருக்கிறாள். நள்ளிரவில் மறுபடி அவளிடம் வரும் உதயகுமரன் அவன் வாளுக்கு இரையாகிறான். பிறகுதான் தூணில் இருக்கும் கந்திற்பாவை வாய்திறந்து, உன் மனைவி வழியிலேயே மாண்டுபோனாள் என்கிறது.

கடன் வாங்கிய உடம்போடு அந்த உடம்பின் உறவும் வந்து சேரும் என்பதை இவ்வளவு கறாராகச் சொன்ன கதையை நான் வேறெங்கும் படித்ததில்லை. கொலைக்குப் பிறகு அரண்மனையில் தன்னைக் கெடுக்க அரசி ஏவிய இளைஞன் முன்னால் மணிமேகலை ஆணாக நிற்பதும், வஞ்சிக்கு ஒரு துறவியின் உருவில் போய்ச் சமயவாதிகளைக் கேட்பதும் அடுத்தடுத்து வருகின்றன. அந்த வஞ்சி கொடுங்கல்லூரா கரூரா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. சேர மன்னர்களைச் சொல்லும் புகளூர்க் கல்வெட்டைக் கையில் வைத்திருக்கும் கொங்குக்காரர்களுக்கு அதில் சந்தேகமே கிடையாது.

இதற்கெல்லாம் பூட்டுப் போட்டவர் கல்கி. ‘பார்த்திபன் கன’வில் சிவனடியாருக்குள்ளிருந்து நரசிம்மவர்மர் வெளிவருகிறார். ‘சிவகாமியின் சபத’த்தில் வஜ்ரபாகு மகேந்திரவர்மர், நாகநந்தியோ புலிகேசியின் அச்சு. ‘பொன்னியின் செல்வ’னில் நந்தினியின் முகம் மந்தாகினியின் முகம். வேற்றுரு இருந்த இடத்தில் தாடியும் ஜடையும் இரட்டைப் பிறவியும் வந்து உட்கார்ந்துகொண்டன. பத்திரிகைத் தொடருக்கு இது பிரமாதமான ஏற்பாடு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கல்கியின் வேடம் யாரையும் சுடுவதில்லை. வேடம் கலைந்ததும் ராஜா மறுபடி ராஜாவாகி, நாற்காலியைச் சரிசெய்து உட்கார்ந்துவிடுகிறார். அடுத்து வந்தவர்கள் அந்த ஒப்பனைப் பெட்டியை அப்படியே வாரிசுரிமையாகப் பெற்றார்கள். சாண்டில்யன் அதில் கொஞ்சம் அத்தர் தெளித்தார்.

நஷ்டம் எவ்வளவு என்று தெரியவேண்டுமானால் அண்ணன்மார் கதையைப் பார்க்க வேண்டும். காங்கயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் 1965இல் பிரெண்டா பெக் ஒலிப்பதிவு செய்தபோது உடுக்கைப் பாட்டுக்காரர்கள் பல இரவுகள் பாடிய கதை அது. அதில் மாயவர் நினைத்த நேரத்தில் நினைத்த உருவில் வருவார். அண்ணன்மாரான பொன்னரும் சங்கரும் பாண்டவர்களின் மறுபிறப்பு. கொம்பன் என்ற பன்றியைச் சாதாரணக் காட்டுப்பன்றி என்று எந்தப் பாட்டுக்காரரும் சொல்லமாட்டார். கலைஞர் ‘பொன்னர் சங்கர்’ எழுதியபோது தெய்வங்களை வெளியே அனுப்பிவிட்டு அதை வீரர் வரலாறாக்கினார். பகுத்தறிவாளராக அவர் செய்தது நேர்மைதான். மிச்சமிருந்தது கோட்டை, வாள், பங்காளிப் பகை. 2011இல் பிரசாந்த் இரட்டை வேடத்தில் நடித்த படமாக அது வந்தபோது அந்த மிச்சத்துக்கு கிராஃபிக்ஸ் பூசினார்கள்.

சரித்திர நாவல் கைவிட்டதைக் கோயில் கைவிடவில்லை. அண்ணன்மாருக்குப் படுகளம் எடுக்கும் ஊர்களில் உடுக்கை முறுக முறுக, நேற்றுவரை தறி ஓட்டிக்கொண்டிருந்த ஆள் அருள் வந்து விழுவார். விழுந்தவர்களை வரிசையாகக் கிடத்தித் துணி போர்த்துவார்கள். சுற்றி நின்று பெண்கள் ஒப்பாரி வைப்பார்கள். அண்ணன்மாரின் தங்கை தங்காளாக வருகிறவள் தீர்த்தம் தெளித்தால்தான் எழுவார்கள். ‘நடிக்கிறீங்களா?’ என்று அவர்களைப் போய்க் கேட்டுப் பாருங்கள்.

அந்தப் படுகள நியாயத்தை நாவலுக்குள் கொண்டுவந்தது, என் கணக்கில், பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ (2010). காலனியக் காலத்துத் திருச்செங்கோடு. மலைமேல் பாதி பெண்ணான கடவுள். கீழே திருவிழாவின் பதினான்காம் நாள் இரவில் வருகிற ஆண்களெல்லாம் சாமி. இதில் எந்த மந்திரமும் ஓதப்படுவதில்லை. ஊர் நம்புகிறது, அதனால் ஒரு மனிதன் ஓரிரவு தெய்வமாகிறான். அதற்கான விலையைக் குழந்தையில்லாத பொன்னாவும் அவள் கணவன் காளியும் கொடுக்கிறார்கள். காளி ஏறக்குறைய காஞ்சனனின் இடத்துக்கே வந்து நிற்கிறான். வழக்கும் ஊர்வலமுமாக அந்த நாவலைப் பற்றிப் பேசியவர்கள் இந்த உருமாற்றத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஜெயமோகனின் ‘விஷ்ணுபுரம்’ (1997) மாயத்தை மீட்டது உண்மை. அதன் பெயரால் கோவையிலேயே வருடாவருடம் விழா நடக்கிறது. ஆனாலும் அங்கே மாயம் தத்துவத்துக்கு வேலைசெய்கிறது. உடம்பு மாறினால் வீட்டில் யார் அழுவார்கள் என்ற கேள்வி அதற்கு முக்கியமில்லை.

பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப்பக்கம் இரவில் மாடாக உருமாறும் ஒடியன் கதையைத் தூசுதட்டி 2018இல் மோகன்லாலை வைத்துப் படமெடுத்தார்கள். அதைப் பார்த்து நம்மவர்களும் ஆளுக்கொரு ஒடியனைத் தேடிப் புறப்படுவதற்குள் ஒரு வேண்டுகோள்: பன்னிரண்டு வருஷம் காத்திருந்து வந்த காஞ்சனன் பக்கம் நின்று யாராவது ஒரு நாவல் எழுதுங்கள். அட்டையில் வாளும் குதிரையும் போட்டாலும் பரவாயில்லை, முதல் பிரதியை நான் வாங்கிக்கொள்கிறேன்.