மைனாவின் பங்காளிகள்

இங்கிலாந்தில் ஒரே ஒரு மாலைதான் கையில் இருக்கிறது, எங்கே போகலாம் என்று யார் கேட்டாலும் யோசிக்காமல் சொல்வேன்: சாமர்செட்டில் இருக்கும் ஹாம் வால். அதுவும் டிசம்பரில். நாலு மணிக்கே பொழுது சாய்ந்துவிடும். மூன்று மணிக்கெல்லாம் போய் நின்றுவிடுங்கள்.

கிளாஸ்டன்பரிக்குப் பக்கத்தில், 1966-ல் மூடிய ரயில் பாதைதான் இப்போது நடைபாதை. இரண்டு பக்கமும் நாணல், நாணல், நாணல்தான். எல்லாம் மக்கிய கரிமண்ணை வெட்டி எடுத்துவிட்டு விட்ட பள்ளங்கள்! 1990களில் அதில் தண்ணீரைத் தேக்கி நாணல் நட்டார்கள். பறவைகளுக்குச் சேதி எட்டிவிட்டது. பெரிய வெள்ளைக் கொக்கு பிரிட்டனில் முதன்முதலாகக் குஞ்சு பொரித்தது, 2012-ல், அடுத்தாற்போல் இருக்கும் ஷாப்விக் ஹீத்தில்தான்.

நான் போனது ஸ்டார்லிங்குகளுக்காக. நம் மைனாவின் குடும்பம்தான். குளிருக்கு ஒதுங்கி, ஐரோப்பாவின் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் கூட்டம் கூட்டமாக வந்து, இரவில் நாணலில் அடைகின்றன.

முதலில் இருபது வந்தன. பிறகு நூறு. பிறகு எண்ணுவதையே விட்டுவிட்டேன். யாரோ ஈர வேட்டியை வானத்தில் உதறியதுபோல் கூட்டம் சுருண்டது, விரிந்தது, நடுவே இற்று மறுபடி ஒட்டிக்கொண்டது. ஒவ்வொரு பறவையும் பக்கத்தில் உள்ள ஆறேழு பறவைகளைப் பார்த்துத்தான் திரும்புகிறதாம். ரோம் நகரில் படமெடுத்துக் கண்டுபிடித்திருக்கிறார்கள். சேற்றுப் பூனைப்பருந்து ஒன்று தாழப் பறந்து வந்ததும், மொத்தக் கூட்டமும் ஒரு கரும்பந்தாக இறுகியது. அடடா!

ஆனால் என்னை அடியோடு சாய்த்தது சத்தம். தலைக்கு மேலே கடந்தபோது ஒரு கத்தல் இல்லை. கடலலை மணலில் இழுபடுவதுபோல் இறக்கைகளின் ‘உஸ்ஸ்’ மட்டும். நாணலில் இறங்கியதுதான் தாமதம், சந்தை கூடிவிட்டது! கீச்சு, விசில், சண்டை. இருட்டில் ஒன்றுமே தெரியவில்லை, நாணல் தண்டுகள் பாரம் தாங்காமல் வளைவது மட்டும் மங்கலாகத் தெரிந்தது.

ஒரே ஒரு எச்சரிக்கை: தொப்பி போட்டுக்கொள்ளுங்கள், ஃபிளாஸ்கை மூடி வையுங்கள். என் டீயில் ‘சொத்’தென்று விழுந்தது. கீழே கொட்டிவிட்டு, மறுநாள் மூன்று மணிக்கு அதே இடத்தில் நின்றேன்.