நேர்கோட்டை ரசிப்பது எப்படி?

கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதைப் பாராட்டுகிறவர்கள் பெரும்பாலும் வளைவுகளைத்தான் பாராட்டுகிறார்கள்: கொடிச்சுருள், யாளியின் பிடரி, தேவியின் இடை நெளிவு. நேர்கோட்டை யாரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் சிற்ப மரபில் உருவம் தொடங்குவதே பிரம்மசூத்திரம் என்னும் நடுக்கோட்டில்தான். மரத்தைச் சதுரித்துக் கோடு போட்ட பிறகே உளி இறங்கும். கள்ளக்குறிச்சி மாவட்டத்திலேயே, சுந்தரர் பிறந்த திருநாவலூரின் பக்தஜனேஸ்வரர் கோயில்போன்ற கற்றளிகளும், நூல் பிடித்து அடுக்கிய அடித்தளத்தின்மேல்தான் நிற்கின்றன. பூஜை மாடமோ கதவோ எதுவானாலும், சட்டம் கோணினால் மேலே உள்ள பூவேலை எடுபடாது. இன்று அந்த நேர்வெட்டைப் பல பட்டறைகளில், சுழலும் அலகால் மரத்தைக் குடையும் கைரூட்டர் என்ற மின்கருவி போடுகிறது. மெஷின் வேலை என்று ஒதுக்காமல் அதையும் கைத்திறனாகவே ரசிக்க வேண்டும் என்பது என் கட்சி.

காரணம் எளிது. ரூட்டருக்கு வெட்டத்தான் தெரியும், போக வேண்டிய வழி தெரியாது. சிறிய ரூட்டரின் பிட் என்னும் வெட்டும் அலகு நிமிடத்துக்குச் சுமார் 30,000 சுற்று சுற்றுகிறது. மேலிருந்து பார்த்தால் அது வலஞ்சுழியாகச் சுழலும். முன்னேறும்போது அதன் வாய் மரத்தை வலப்பக்கம் தள்ள, மரம் ரூட்டரை இடப்பக்கம் தள்ளும். எனவே ரூட்டரை நேராக ஓட்டுவதற்காகப் பலகைமேல் க்ளாம்ப் போட்டு இறுக்கிய வழிச்சட்டம், ரூட்டர் போகும் திசைக்கு இடப்பக்கம் இருக்க வேண்டும். அப்படி இருந்தால் அந்த இழுப்பே ரூட்டரைச் சட்டத்தோடு ஒட்டி ஓடவைக்கும். சட்டத்தை வலப்பக்கம் வைத்து அதே திசையில் ஓட்டினால், கை சற்று அசந்ததும் ரூட்டர் விலகிவிடும், பலகை வீண். வழிதவற வைக்கும் விசையையே வழித்துணையாக்குவது மெஷினின் வேலையா, ஆசாரியின் அறிவா?

வழிச்சட்டம் நேராக இருக்கிறதா என்று பார்ப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. அதன் விளிம்பை ஒட்டிக் கூரான பென்சிலால் கோடு இழுத்து, சட்டத்தைப் புரட்டிப் போட்டு, அதே இரு புள்ளிகளுக்கிடையே அதே விளிம்பால் இன்னொரு கோடு இழுத்தால் போதும். கோணல் இருந்தால் இரு மடங்காகக் கண்ணில் படும். அடுத்தது தூரக் கணக்கு. சட்டத்தை ஒட்டி ஓடும் ரூட்டரின் 90 மி.மீ. அகல அடித்தட்டின் நடுவில் 6 மி.மீ. பிட் இருந்தால், வெட்டின் அருகு விளிம்பு சட்டத்திலிருந்து 42 மி.மீ. தள்ளி விழும். இந்தக் கணக்கே வேண்டாம் என்பவர்கள் மெல்லிய பிளைவுட்டின்மேல் நேரான சட்டத்தை ஒட்டி, ரூட்டரை ஒருமுறை ஓட்டி, மிஞ்சிய பிளைவுட்டை வெட்டி எடுத்துவிடுவார்கள். அன்றிலிருந்து அந்தப் பிளைவுட் விளிம்பைப் பென்சில் கோட்டில் வைத்தால் போதும், வெட்டு அங்கேயே விழும். ஆனால் வேறு அளவு பிட்டை மாட்டினால் அந்த விளிம்பு பொய் சொல்லும்.

'ரம்பம் போதாதா, ரூட்டர் எதற்கு?' என்று கேட்கலாம். பலகையைக் குறுக்கே துண்டு போட ரம்பமே மேல். ஆனால் பலகையின் நடுவே தொடங்கி நடுவிலேயே முடியும் காடியை, அதாவது நீளப் பள்ளத்தை, வட்ட ரம்பத்தால் எடுத்தால் இரு முனையும் சரிவாகத்தான் இருக்கும். ரூட்டர் கடைசிவரை ஒரே ஆழத்தில், தட்டையான அடியோடு எடுத்துத் தரும். அதையும் ஒரே மூச்சில் எடுக்கக் கூடாது. 9 மி.மீ. ஆழத்தை 6 மி.மீ. பிட்டால் எடுப்பவர் 3 மி.மீ. வீதம் மூன்று முறை ஓட்டுவார். அவசரப்பட்டால் பிட் திணறும், தயங்கி நின்றால் மரம் கருகும். மரத்தை விட்டு பிட் வெளியேறும் இடத்தில் ஒரு கழிவுத்துண்டை இறுக்கி வைக்காவிட்டால் விளிம்பு சிலும்பும். ஓட்டும் வேகத்தின் கட்டுப்பாடு காதிலும் விரலிலும் இருக்கிறது, சுவிட்சில் இல்லை.

'உளியால் எடுத்த காடிதானே உண்மையான கைவேலை?' என்பது கனமான கேள்வி. உளி ஒவ்வொரு தட்டிலும் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கைக்குச் சொல்லும். ரூட்டரின் இரைச்சலும் தூசியும் அதை மறைத்துவிடும். இந்த இழப்பு மெய்தான். ஆனால் இழைப்புளியும் ஒரு கட்டைக்குள் இரும்பைப் பூட்டி, அந்தக் கட்டையை வழிகாட்டியாக வைத்துத்தான் சீவுகிறது. அதை யாரும் கைவேலை அல்ல என்று தள்ளியதில்லை. தள்ள வேண்டியது வேறு. கம்ப்யூட்டர் சொன்னபடி ஒரே கொடியை நூறு பலகையில் தானாகக் குடையும் சி.என்.சி. மெஷினின் வெட்டை மரச்சிற்பம் என்று விற்பதைத்தான் கேள்வி கேட்க வேண்டும். கைரூட்டரில் சட்டத்தைச் சோதித்தவரும், திசையைத் தீர்மானித்தவரும், பிழைக்குப் பொறுப்பாளியும் பட்டறையில் நிற்கும் ஆள்தான்.

ரூட்டரின் குறையே இதற்குச் சாட்சி. பிட் உருளை வடிவம், அதனால் காடியின் முனை அரைவட்டமாகவே நிற்கும். மூட்டில் செருகும் சதுரக் கழுந்து அதில் உட்கார வேண்டுமென்றால், உளியும் கொட்டாப்புளியும் எடுத்து மூலையைச் செதுக்கத்தான் வேண்டும். ஆகவே அடுத்தமுறை ஒரு மரவேலையை மதிப்பிடுகிறவர் பூவேலையோடு நிறுத்தாமல் சட்டத்தின் மூட்டையும் பார்க்கட்டும். கழுந்து தளர்வில்லாமல் இறங்கி, மூலையில் இடைவெளி தெரியாமல், விளிம்பு சிலும்பாமல் இருந்தால், மின்சாரம் ஓடிய வேலையானாலும் அது கைத்திறன்தான்.