சார்லட் மேசனின் வீட்டுக்கல்விச் சிந்தனை: தமிழாசிரியர் நோக்கில் ஒரு மதிப்பீடு

முன்னுரை

தமிழில் வெளிவந்துள்ள கல்வியியல் நூல்களில் ஃபுரோபெல், மாண்டிசோரி, தாகூர், காந்தியடிகள் ஆகியோரின் பெயர்கள் தவறாது இடம்பெறுகின்றன. மாண்டிசோரி அம்மையார் 1939ஆம் ஆண்டில் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தமையால் அவர்தம் முறை தமிழுலகிற்கு நேரடியாகவே அறிமுகமாயிற்று. அவருக்கு ஒரு தலைமுறை மூத்தவரான ஆங்கிலேயக் கல்வியாளர் சார்லட் மேசனுக்கு (1842–1923) அத்தகைய அறிமுகம் வாய்க்கவில்லை. ஆயினும், பிள்ளைகளை வீட்டிலேயே கற்பிக்கும் பெற்றோரிடையே உலகின் பல பகுதிகளிலும் இன்று பெரிதும் பேசப்படுவது அவர் பெயரேயாகும்.

சிங்கப்பூரில் 2000ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட கட்டாயக் கல்விச் சட்டம் 2003 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதே 2003இல் மலேசியாவிலும் தொடக்கக்கல்வி கட்டாயமாயிற்று. இரு நாடுகளிலும் விலக்குப் பெற்று வீட்டில் கற்பிப்போர் சிறுதொகையினரே. ஆயினும் சிங்கப்பூரில் அவ்வாறு கற்கும் பிள்ளையும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் தாய்மொழித் தாளை எழுத வேண்டும். எனவே, இலக்கியம், இயற்கை நோக்கு, மென்மையான பழக்கப் பயிற்சி என்னும் மூன்றையும் அடிப்படையாகக் கொண்ட மேசனின் முறை தமிழ் கற்பித்தலுக்கு எந்த அளவு பொருந்தும் என்று வினவுவது வெறும் ஏட்டு வினாவன்று. இக்கட்டுரை அதனையே ஆராய முற்படுகிறது.

நூலும் பெயரும்

மேசனின் முதல் நூலாகிய 'வீட்டுக்கல்வி' 1886இல் வெளிவந்தது. பிராட்ஃபோர்டு நகரில் தாய்மார்களுக்கு அவர் ஆற்றிய சொற்பொழிவுகளே அந்நூலாக உருப்பெற்றன. 1887இல் பெற்றோர் கல்விச் சங்கமும், 1890இல் பெற்றோர்க்கான திங்களிதழும், 1892இல் ஆம்பிள்சைடு என்னும் ஊரில் பயிற்சி இல்லமும் தோன்றின. அவர் மறைந்தபின் 1925இல் வெளிவந்த இறுதி நூலோடு சேர்த்துக் கல்வி பற்றிய அவருடைய தொகுதிகள் ஆறு.

'வீட்டுக்கல்வி' என்னும் தலைப்பு இன்றைய வாசகரை எளிதில் திசைதிருப்பிவிடும். அந்நூல் ஒன்பது வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைப் பற்றியது. பள்ளிக்கு மாற்றாக வீட்டை நிறுத்துவது அதன் நோக்கமன்று. 1880ஆம் ஆண்டுச் சட்டத்தால் இங்கிலாந்தில் பள்ளி வருகை கட்டாயமாக்கப்பட்டிருந்த போதிலும், செவிலியும் ஆசிரியையும் அமர்த்திக்கொள்ளும் வசதி படைத்த குடும்பங்களை அச்சட்டம் பெரிதும் தொடவில்லை. மேசன் முதலில் பேசியது அக்குடும்பங்களின் தாய்மார்களிடமே. அத்துடன் அவர் நின்றுவிட்டிருந்தால் இன்று அவரைப் படிக்க நமக்குப் பெரிதாகக் காரணம் இருந்திராது. 1914இல் யார்க்சயர்ப் பகுதியில் டிரிக்லிங்டன் என்னும் சுரங்கச் சிற்றூரின் பொதுப்பள்ளியில் அவருடைய பாடத்திட்டம் செயற்படுத்தப்பட்டது. செல்வர் வீட்டுக் குழந்தைகள் படித்த அதே நூல்களைச் சுரங்கத் தொழிலாளர் குழந்தைகளும் படித்தனர். படித்தவற்றைத் தம் சொற்களில் எடுத்துரைத்தனர். அதன்பின் பல பொதுப்பள்ளிகள் அம்முறையை மேற்கொண்டன. சூசன் சேஃபர் மக்காலியின் நூல் 1984இல் வெளிவந்த பின்னர் அமெரிக்காவில் மேசனுக்கு மறுவாழ்வு கிட்டியது. அம்மறுவாழ்வில் முன்னிற்பது இல்லத்துத் தாய். சுரங்கச் சிற்றூரின் பள்ளி பின்னுக்குத் தள்ளப்பட்டுவிட்டது. மேசனை வீட்டுக்கு மட்டும் உரியவராகக் குறுக்குவது அவருடைய பிற்காலப் பணியை மறைப்பதாகும் என்பது நம் கருத்து.

பழக்கம்

குழந்தை பிறக்கும்போதே முழு மனிதராகப் பிறக்கிறது என்பது மேசனின் முதற்கொள்கை. ('ஆளுமை' என்னும் சொல் இன்று வேறு பொருளில் வழங்குவதால் அதனை ஈண்டுத் தவிர்த்துள்ளோம்.) அக்கொள்கையிலிருந்தே ஒரு கட்டுப்பாடும் பிறக்கிறது. அச்சத்தையோ அன்பையோ கருவியாக்கிக் குழந்தையை இயக்கக் கூடாது. பரிசு, போட்டி ஆகியவற்றால் ஒரே விருப்பத்தை ஊதிப் பெருக்கவும் கூடாது. எஞ்சும் கருவிகள் மூன்றே: சூழல், பழக்கம், உயிர்ப்புள்ள கருத்துகள்.

இவற்றுள் பழக்கமே சிக்கலுக்குரியது. உடலியல் அறிஞர் வில்லியம் கார்ப்பென்டர் 1874இல் வெளியிட்ட மனவுடலியல் நூலைத் துணைக்கொண்டு, மீண்டும் மீண்டும் எண்ணப்படும் எண்ணம் மூளையில் தடம் பதிக்கிறது என்றும், தாய் அத்தடத்தை முன்கூட்டியே அமைத்துத் தர வேண்டும் என்றும் மேசன் எழுதுகிறார். கதவைச் சாத்தாமல் செல்லும் சிறுவனை எடுத்துக்காட்டாகத் தருகிறார். தாய் கடிந்துரைப்பதில்லை, ஒவ்வொரு முறையும் இன்முகத்துடன் அவனை அழைத்து நினைவூட்டுகிறாள். பழக்கம் ஏறத்தாழ அமைந்துவிட்ட நிலையில் ஒருநாள் இரக்கப்பட்டு விட்டுவிட்டால் முயற்சி முழுவதும் பாழாகும் என எச்சரிக்கவும் செய்கிறார்.

படிப்பதற்கு இனிய பகுதிதான். ஆனால், பிறர் அமைத்த தடத்தில் தன்னையறியாமல் செல்லும் பிள்ளை எங்ஙனம் முழு மனிதராகும்? அன்பைக் கருவியாக்கலாகாது என்பவர், இன்முகத்தைக் கருவியாக்குவதை மட்டும் எவ்வாறு ஏற்கிறார்? இவ்வினாக்களுக்கு முதல் நூலில் நிறைவான விடை இல்லை. இறுதி நூலில் பழக்கம் மூன்றனுள் ஒன்றாக நீடித்தாலும், அழுத்தம் அறிவின்மீது பெயர்ந்துவிடுகிறது; மனம் பசியுடைய ஒன்று, அதற்கு உணவு வேண்டும் என்பதே அங்கு மேலோங்கி ஒலிக்கிறது. அம்மாற்றத்தைத் தம் சிக்கலை அவரே உணர்ந்ததன் அடையாளமாக நாம் வாசிக்கிறோம். தாயின் ஓயாத விழிப்பை வேண்டும் இப்பகுதியைப் பணிக்குச் செல்லும் பெற்றோர்மீது சுமத்துவதும் பொருந்தாது. எட்டு வயதுக்கு உட்பட்டோர்க்கு ஒரு பாடம் இருபது நிமிடத்தை விஞ்சலாகாது என்னும் அவருடைய விதியை மட்டும் வகுப்பறை தயங்காமல் ஏற்கலாம்.

வேங்கையும் அங்சானாவும்

இயற்கை நோக்கில் மேசனின் வலிமை பெயரிடலில் உள்ளது. குழந்தையை வெளியே அனுப்பி, கண்டதைத் திரும்பி வந்து சொல்லச் செய்வதும், இயற்கைக் குறிப்பேட்டில் தானே வரைந்து எழுதச் செய்வதும் அவர் வகுத்த பயிற்சிகள். ஆனால் அவருடைய குறிப்பேடு ஏரிகள் மிகுந்த வடமேற்கு இங்கிலாந்தின் நான்கு பருவங்களைச் சார்ந்தது. முதற்பூ, முதற்பறவை என்னும் நாள்வரிசை கோலாலம்பூருக்கோ சிங்கப்பூருக்கோ அப்படியே பொருந்தாது.

பொருந்தக்கூடியது நம் இலக்கியத்திலேயே உண்டு. சிங்கப்பூரின் சாலையோரங்களில் நிழலுக்காகப் பெருமளவில் நடப்பட்ட அங்சானா மரம், சங்கச் செய்யுள்கள் பாடும் வேங்கையின் பேரினத்தைச் சேர்ந்தது. இரண்டும் மஞ்சள் நிறப் பூ உடையவை. இரண்டின் காயும் வட்டமாய், விளிம்பில் சிறகு கட்டியது போன்றது. பட்டையில் காயம்பட்டால் இரண்டும் செந்நிறச் சாறு வடிக்கும். வறட்சிக்குப் பின் மழை பெய்தால் அங்சானா திடீரெனப் பூத்துச் சொரிந்து நடைபாதையை மூடிவிடும். பாறைமேல் உதிர்ந்த வேங்கைப்பூ புலியின் தோற்றம் தருவதாகப் புலவர் பாடியதையும், பூக்கொய்யும் மகளிர் புலியென ஆரவாரித்ததையும் அந்நடைபாதையில் நின்று சொல்லும் ஆசிரியர்க்கு உரைநூல் தேவைப்படாது. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிய 99 மலர்களை ஒப்பிக்கும் மாணாக்கர் அவற்றுள் ஒன்றையேனும் கண்ணால் கண்டிருப்பாரா? பெரும்பாலும் இல்லை. இவ்விடத்தில் மேசன் நமக்குப் புதிதாக எதனையும் தரவில்லை. நம்மிடம் இருப்பதைப் பயன்படுத்தாத குறையைச் சுட்டுகிறார்.

மீளக்கூறல்

நம் கவனத்துக்குப் பெரிதும் உரியது அவருடைய இலக்கிய முறையே. சிறுவர்க்கென்று நீர்த்துப்போகச் செய்த எழுத்தை அவர் வெறுத்தார். ஒரு பொருளில் தோய்ந்த ஒருவர் எழுதிய முழுநூலைப் படிக்கச் செய்ய வேண்டும். ஒரு பகுதியை ஒரே ஒருமுறை மட்டும் படிக்க வேண்டும். உடனே குழந்தை அதனைத் தன் சொற்களில் திருப்பிச் சொல்ல வேண்டும். இடையில் வினாவோ விளக்கமோ கூடாது. மறுமுறை படிக்கலாம் என்று தெரிந்தால் கவனம் தளரும் என்பது அவர் கூறும் காரணம். ஆறு வயதுக்கு முன் இதனைக் கேட்கலாகாது, பத்து வயதளவும் வாய்மொழியே போதும், எழுத்து அதன்பின்னரே.

இதனை நம் வகுப்பறையோடு ஒப்புநோக்கினால் வேறுபாடு புலப்படும். கருத்துணர்தல் பயிற்சியில் பத்தி சிறிது, வினாக்கள் பல. எதனைக் கவனிக்க வேண்டும் என்பதை வினா எழுதியவர் முன்னரே முடிவு செய்துவிடுகிறார். மலேசியத் தமிழ்ப்பள்ளிகளின் செய்யுளும் மொழியணியும் பகுதியில் திருக்குறளும் பொருளும் மனனம் செய்யப்படுகின்றன. திண்ணைப்பள்ளி மரபும் மனனத்தையே சார்ந்திருந்தது. செய்யுளுக்கு மனனம் தேவை; அதனை நாம் மறுக்கவில்லை. உரைநடைக் கதையையும் பத்தியாக நறுக்கி மனனத்துக்கு உரியதாக்குவதே கேடு. 2021இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வு நீக்கப்பட்ட பின்னரும் இப்போக்கு எளிதில் மாறிவிடவில்லை.

எனினும், மீளக்கூறலைத் தமிழுக்குக் கொண்டுவருவோர் மேசன் எதிர்கொள்ளாத ஓர் இடரை எதிர்கொள்ள வேண்டும். அவர் காலத்து ஆங்கிலக் குழந்தை கேட்ட நூலுக்கும் அதன் வாய்மொழிக்கும் இடைவெளி இருந்தது. ஆனால் தமிழின் இரட்டை வழக்கில் உள்ள அளவுக்கு இல்லை. 'சென்றான்' என்று கேட்ட குழந்தை 'போனான்' என்றே திருப்பிச் சொல்லும். அதனை இடைமறித்துத் திருத்தினால் கதை அறுந்துவிடும். குழந்தை கருத்தை விட்டுவிட்டு விகுதியைத் தேடத் தொடங்கும். 2005ஆம் ஆண்டில் சிங்கப்பூரின் தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு வகுப்பறையில் பேச்சுத்தமிழுக்கு இடமளிக்கப் பரிந்துரைத்தது. அப்பரிந்துரை அன்று பலரால் எழுத்துத்தமிழுக்கு இழுக்கென ஐயுறப்பட்டது. மீளக்கூறல் அவ்வையத்தை ஓரளவு நீக்கக்கூடும். கேட்பது எழுத்துத்தமிழ், சொல்வது பேச்சுத்தமிழ் என்னும் நிலையில் குழந்தை நாள்தோறும் ஒரு வழக்கிலிருந்து மற்றதற்குத் தானே பெயர்க்கிறது. நூற்சொற்கள் சில அப்பேச்சில் ஒட்டிக்கொண்டும் வரும். பத்து வயதில் அதே கதையை எழுதச் சொல்லும்போது திரும்பும் வழியும் ஓரளவு பழகியிருக்கும்.

மேசனின் பாடத்திட்டம் பயன்படுத்திய நூற்பட்டியலை அவ்வாறே எடுத்துக்கொள்வது வேறு செய்தி. புளூட்டார்க்கும் சேக்சுபியரும் வால்டர் ஸ்காட்டும் பெருமையுடையோரே. ஆனால் பிரித்தானியத் தீவின் வரலாற்றை நடுவில் வைத்துப் பேரரசுக் காலத்துப் பிள்ளைக்கென அமைந்த பட்டியல் அது. இங்குள்ள தமிழ்ப் பெற்றோர் அதனையே பின்பற்றின் வீட்டின் கல்விமொழி முழுதும் ஆங்கிலமாகிவிடும். தமிழ் தேர்வுத்தாளுக்கு மட்டும் உரியதாய் ஒதுங்கும். ஏழு முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளைக்கு உரக்கப் படித்துக்காட்டத் தக்க, நாள்தோறும் தொடரத்தக்க நீண்ட தமிழ் உரைநடை நூல்கள் எவை என்னும் பட்டியலை நாமே தொகுத்தாக வேண்டும். அழ. வள்ளியப்பாவின் பாடல்களைத் தாண்டியதும் அப்பட்டியல் எவ்வளவு விரைவில் மெலிகிறது என்பதைத் தொகுக்க முனையும் எவரும் முதல் நாளிலேயே காண்பர்.