“பரவாயில்லைங்க” என்றால் எத்தனை மதிப்பெண்?

மாதேஸ்வரன் மலை அடங்கிய கொள்ளேகால் பகுதி 1956 வரை கோவை மாவட்டத்தோடு இருந்தது. பிறகு மைசூர் மாவட்டம். 1997 முதல் சாமராஜநகர் மாவட்டம். எல்லைக்கோடுதான் நகர்ந்தது, பேச்சு நகரவில்லை. வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடம் என்று வாழும் குடும்பங்கள் அங்கே இன்றும் உண்டு. அப்படிப்பட்ட வீட்டில், எழுத்தறியாத ஒரு தாயாரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

புதிய மருந்தைச் சோதிக்கும்போது ரத்தப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் மட்டும் போதாது. வலி, அசதி, தூக்கம் பற்றி நோயாளியே சொல்லவேண்டும் என்பதை இன்றைய மருத்துவம் ஏற்றுக்கொண்டுவிட்டது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2009-இல் இதற்கென வழிகாட்டி நெறிகளையே வெளியிட்டது. 2017-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் பரவிய புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொண்ட 766 பேர் பங்கேற்றனர். தம் தொல்லைகளைக் கணினி வழியே அவ்வப்போது தாமே தெரிவித்தவர்களின் இடைநிலை ஆயுள் 31.2 மாதம், வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களுக்கு 26 மாதம். நோயாளியின் சொல்லுக்கு அவ்வளவு பலம்!

ஆனால் அந்தச் சொல்லை வாங்கும் கேள்வித்தாள் எப்படி இருக்கிறது? புற்றுநோய் ஆய்வுகளில் பெரிதும் பயன்படும் ‘க்யூ.எல்.க்யூ–சி30’ 1993-இல் ஐரோப்பாவிலிருந்து வந்தது. 30 கேள்விகள், தமிழிலும் உண்டு. சுருக்கமும் அன்றாட வாழ்க்கையைக் கேட்பதும் அதன் சிறப்பு. ஆயினும் கடின உழைப்புக்கு அது காட்டும் உதாரணம் கடைப்பையும் சூட்கேஸும். விறகுக்கட்டோடு மேடேறும் பெண்ணுக்கு அது ஒரு சுமையா? உலக சுகாதார நிறுவனத்தின் வாழ்க்கைத்தரக் கேள்விகள் இந்த வகையில் மேல். 1990-களில் அவற்றை உருவாக்கிய 15 மையங்களில் சென்னையும் ஒன்று.

பெரிய சிக்கல் பதிலில் இருக்கிறது. “வலி எப்படிம்மா இருக்கு?” என்றால் நம் அம்மா, “பரவாயில்லைங்க” என்பார். குறைந்திருக்கிறது என்றும் பொருள். இருந்துட்டுப் போகட்டும் என்றும் பொருள். தாளில் இருப்பதோ ‘இல்லவே இல்லை’ முதல் ‘மிக அதிகம்’ வரை நான்கே படிகள். தவறான படியில் குறித்தால், வேலை செய்யாத மருந்தும் வேலை செய்ததாகக் கணக்காகும்.

அடுத்தது, தாளை நிரப்புவது யார்? கன்னடத் தாளைக் கொடுத்தால் மகன்தான் நிரப்புவான். நடப்பது, சாப்பிடுவது போன்று கண்ணுக்குத் தெரிவதில் அவன் கணிப்பு ஓரளவு ஒத்துப்போகும். வலியிலும் மனக்கவலையிலும்தான் பிசகும். ஆய்வு கேட்க வந்ததே அதைத்தானே!

ஆய்வுக்கான சம்மதத்தை நோயாளிக்குப் புரிந்த மொழியில் பெறவேண்டும், படிக்கத் தெரியாதவருக்குச் சாட்சி வேண்டும் என்கின்றன 2019-ஆம் ஆண்டு விதிகள். சம்மதத்துக்குக் காட்டும் அதே அக்கறை கேள்வித்தாளுக்கும் வேண்டும்.

ஆகவே அன்பர்களே, உங்கள் வீட்டுப் பெரியவர் கையில் இப்படி ஒரு தாள் வந்தால் தமிழ்த் தாள் கேளுங்கள். கேள்வியை வாசித்துக் காட்டுங்கள். பதிலை நீங்கள் சொல்லாதீர்கள். “பரவாயில்லை” என்றால், “குறைஞ்சிருக்கா, பொறுத்துக்கிறீங்களா?” என்று ஆய்வுக்காரர்களைக் கேட்கச் சொல்லுங்கள்.