வள்ளியம்மாளின் பெயர்

பாட்டு நன்றாயிருந்தாற் போதாதா, ஆக்கியோன் பெயர் எதற்கு என்று கேட்போர் நம்மிடையே உளர். 2021 மார்ச்சில் வெளிவந்து உலகெங்கும் ஒலித்த ‘என்ஜாய் எஞ்சாமி’ என்ற தனிப்பாடலின் வரலாற்றை அவர்கள் நோக்குவார்களாக. ‘காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழுவின் பாடகரான அறிவு அதனை எழுதி, பாடகி தீயுடன் சேர்ந்து பாடினார். இசைத் தயாரிப்பு சந்தோஷ் நாராயணனுடையது.

பாட்டின் ஊற்று அறிவின் பாட்டி வள்ளியம்மாள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழகம் திரும்பியவர் அவர். 1948இல் பிரசாவுரிமை பறிக்கப்பட்ட மலையக மக்களை 1964 ஒக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் பங்கிட்டனர்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்த்துக்கொள்ளலாமாம்! நிலத்தைத் திருத்தியவருக்கு நிலமில்லாத இக்கொடுமையை ஒப்பாரியின் சாயலில் அப்பாட்டு நினைவூட்டுகிறது. ‘சாமி’ என்பது கூலியாள் பண்ணையார் முன் கூனி நின்று விளித்த சொல். பாட்டி பேரனை அள்ளிக்கொண்டு கொஞ்சும் சொல்லும் அதுவே. ஒரே விளியில் இரண்டையும் கேட்கச் செய்ததைக் கவிஞரின் பெருவெற்றி என்போம்.

அதே ஆண்டில், பிரெஞ்சு இசைக்கலைஞர் டீஜே ஸ்னேக்கின் றீமிக்ஸாகப் பாட்டு மறுவெளியீடு கண்டது. நடன அரங்குக்குரிய தாளம் ஏற்றப்பட்டது. அதனை நாம் குறைகூறவில்லை. கூத்தும் கும்மியும் ஆடுவதற்கே பிறந்தவை. ஆனால், நியூயோர்க் டைம்ஸ் சதுக்கத்து விளம்பரப் பலகையில் அறிவின் பெயர் இல்லை. ஓகஸ்டில் றோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையிலும் அவர் இல்லை. இயக்குநர் பா. இரஞ்சித் முதலியோர் கண்டித்த பின்னரே அவ்விதழ் அறிவுக்கெனத் தனியே ஓர் இணைய அட்டை வெளியிட்டது.

இதனை எவரோ ஒருவரின் சூழ்ச்சி என்று முடித்துவிடுவது ஆய்வாகாது. அறிவுக்குரிய மதிப்பைத் தாம் எப்போதும் அளித்தே வந்ததாகத் தீ கூறியுள்ளார். பாட்டின் ஆக்கத்தில் எவர் பங்கு எவ்வளவு என்பது பற்றி 2022இல் அறிவும் சந்தோஷ் நாராயணனும் பகிரங்கமாகவே மாறுபட்டனர். 2024இலோ, மூவருக்குமே இப்பாட்டினால் வருவாய் எதுவும் வந்துசேரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் அறிவித்தார். ஆக, பண்டமாகிச் சந்தைக்குச் சென்ற பாட்டு, உழைத்தவர் எவரையும் வாழவைக்கவில்லை. வழியில் உதிர்ந்ததோ தோட்டத்து லயத்தின் நினைவைச் சுமந்துவந்த பெயர்.

மட்டக்களப்பு வயல்களின் பொலிப்பாட்டுக்களை முதலிற் பாடியவர் யாவரென்று இன்று எவராலும் கூற இயலாது. அன்று எழுதிவைப்பார் இருக்கவில்லை. 2021இல் அந்தச் சாக்கு செல்லாது. வகுப்பறையில் இப்பாட்டை எடுத்தாளும் ஆசிரியர்கள் முதல் வெளியீட்டையே முதலில் ஒலிக்கச் செய்து, 1964இன் கதையையும் சொல்லிக்கொடுக்க வேண்டும். மாணவர் ஆட விரும்பினால் ஸ்னேக்கின் வடிவத்தைப் பின்னர் போடலாம்.