திரவங்கள் அமுங்காதவையா?

“திரவங்கள் அமுங்காதவை.” நம் பாடநூல்கள் பலவற்றில் வழிவழியாக அச்சாகி வரும் வாசகம் இது. பாஸ்கல் விதியை விளக்க இந்த எளிமை போதும். அதை நான் குறைகூற வரவில்லை. வெப்பவியலுக்கு வந்த பின்பும் இவ்வாசகம் திருத்தப்படாமல் மாணவர் மனத்தில் தங்கிவிடுகிறதே, அதுதான் குறை. நீர் அமுங்கும் என்பதை 1762-லேயே ஜான் காண்டன் என்னும் ஆங்கிலேயர் அளந்து காட்டிவிட்டார். அவர் கண்ட மதிப்பு இன்றைய மதிப்புக்கு மிக அருகில் உள்ளது!

வெப்ப விரிவுக் கணக்குகளைப் பாருங்கள். கண்ணாடிக் குடுவை நிறையப் பாதரசம்; சூடாக்குகிறோம்; வழிந்த பாதரசத்தின் பருமன் யாது? எப்போதும் திரவம் வழிந்தோட ஒரு வழி இருக்கும். குடுவையை இறுக மூடிவிட்டால் என்ன நேரும் என்று நான் கண்ட நூல்களில் ஒரு கணக்கும் கேட்கவில்லை. இத்தனைக்கும் விடைக்கு வேண்டிய இரு எண்களும் மாணவர் கையிலேயே உள்ளன. பரும விரிவெண் வெப்பவியல் பாடத்தில். பருமக் குணகம் மீட்சியியல் பாடத்தில். இரண்டையும் பெருக்கிப் பார் என்று சொல்வாரில்லை.

நாம் பெருக்கிப் பார்ப்போம். 30 பாகை செல்சியஸில் நீரின் பரும விரிவெண் சுமார் 0.0003. அதன் பருமக் குணகம் சுமார் 22,000 வளிமண்டல அழுத்தம். விரிய இடமில்லாத நீர், விரிந்திருக்க வேண்டிய அளவுக்கு அமுக்கப்பட்ட நீருக்குச் சமம். ஆகவே ஒரு பாகை சூடேறினால் அழுத்தம் 6.6 வளிமண்டலம் உயரும். குழாயும் சற்று விரியும், சற்று இழுபடும் அல்லவா? அதற்கும் இடம் கொடுத்தால், சாதாரண எஃகுக் குழாயில் பாகைக்கு ஏறத்தாழ 5 வளிமண்டலம். இரு முனையிலும் வால்வை மூடி வெயிலில் விட்ட குழாய் 20 பாகை சூடேறுவது அரிதன்று. அப்போது 100 வளிமண்டலம்! பெட்ரோலாக இருந்தால் ஏறத்தாழ இரு மடங்கு. இத்தனைக்கும் ஒரு துளி நீராவிகூட உண்டாகவில்லை. கொதித்தால்தான் ஆபத்து என்று எண்ணுவது தவறு. மூடிய கலத்திலுள்ள காற்றோ, 30-லிருந்து 40 பாகைக்குச் சூடேறினால் அதன் அழுத்தம் நூற்றுக்கு மூன்று பங்கே கூடும். எளிதில் அமுங்கும் காற்று சாது. “அமுங்காத” திரவம்தான் முரடு.

அப்படியானால் நம் வீட்டுக் குழாய்கள் ஏன் வெடிப்பதில்லை? அவை மாடியிலுள்ள திறந்த தொட்டியோடு சேர்ந்தவை. விரிந்த நீர் அங்கே ஏறிவிடுகிறது. வேறிடங்களில் குழாய்க்குள் சிக்கிய காற்றுக்குமிழ் மெத்தைபோல் தாங்கும். இல்லையேல் இணைப்பிலுள்ள வாஷர் சிறிது கசியும். நாம் திட்டுகிற அந்தக் கசிவு பல வேளைகளில் நமக்குச் செய்வது உபகாரமே.

எல்லா இடத்திலும் அந்த அதிர்ஷ்டம் கிட்டுவதில்லை. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் கெய்ஸ்மர் என்னுமிடத்திலுள்ள வில்லியம்ஸ் ஓலிஃபின் ஆலையில், 2013 ஜூன் 13 அன்று, பயன்பாட்டில் இல்லாதிருந்த ஒரு வெப்பமாற்றிக்குள் வெந்நீர் திறந்துவிடப்பட்டது. அதனுள் திரவப் புரொப்பேன் தேங்கியிருந்தது. பாதுகாப்பு வால்வுக்குச் செல்லும் பாதையோ மூடியிருந்தது. திரவம் விரிந்து கலத்தை நிரப்பிற்று. பிறகு அழுத்தம் விர்ரென்று ஏறிற்று. சுமார் மூன்றே நிமிடத்தில் கலம் பிளந்து தீப்பிழம்பு எழுந்தது. இருவர் மாண்டனர், 167 பேர் காயமுற்றனர். இதை ஆராய்ந்த அமெரிக்க வேதியியல் பாதுகாப்பு வாரியம் திரவத்தின் வெப்ப விரிவையே சுட்டிக்காட்டியது.

குழாயில் அடைபட்ட நீருக்கு வேண்டிய பாதுகாப்பு வால்வு பெரிதாக இருக்க வேண்டியதில்லை. 100 லிட்டர் நீர் 30-லிருந்து 40 பாகைக்குச் சூடேறும்போது அது வெளியேற்ற வேண்டியது கால் லிட்டருக்குச் சற்றே அதிகம், அவ்வளவுதான். எவ்வளவு என்பதை நீங்களே போட்டுப் பாருங்கள். எஃகின் விரிவைக் கழிக்க மறவாதீர்கள்.